வில்லியனூருக்குப் போன் போடு

"வேணாம்னா வேணாம் ராஜேஷு, அந்த ஒயர்ல கைய வெக்காத, எறங்கு—"

"பாயம்மா, ஒயரு செத்துப் பூடுச்சு, அத்தப் போய் வெச்சிகினு—"

"செத்தா நான் பாத்துக்கறேன். அதானே என் வேலை."

ஏணியின் பாதியில் நின்ற ராஜேஷுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே நின்ற ஷாரிக்குக்கு வரவில்லை. அம்மாவின் வேலையை வைத்து அம்மாவே கிண்டல் செய்வது அவனுக்கு எப்போதும் பிடிக்காது. அம்மா மெஹர் நிஷா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியின் ஒரு காலைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். ராஜேஷ் விழாமல் இருக்கப் பிடித்தாளா, மேலே ஏறாமல் இருக்கப் பிடித்தாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ராஜேஷ் டெலிபோன் கம்பெனியின் லைன்மேன். அந்தத் தெருவில் மழைக்கு மழை எந்த வீட்டுப் போன் ஊமையாகும் என்பது அவனுக்கு மனப்பாடம். செம்புக் கம்பியை ஊர் ஊராகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள், இனிமேல் எல்லாம் ஃபைபர்தான், இன்றைக்கு நீங்கள் வேண்டாம் என்றாலும் நாளைக்கு எக்ஸ்சேஞ்சிலேயே அணைத்துவிடுவார்கள் என்று அவன் மேலே இருந்தபடியே சொன்னான். ஷாரிக் கீழே இருந்து அதையே வேறு மாதிரிச் சொன்னான். அவன் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி வேலை செய்பவன். வாரத்தில் சில நாள் புதுச்சேரியில் இருக்கும் அவர்கள் ஆபீசுக்குப் போவான், மற்ற நாளெல்லாம் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இந்தக் கம்பியில் வரும் இன்டர்நெட்டோடு மல்லுக்கட்டுவான். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் வாயைப் பிளந்தபடி நின்றுவிடுமாம். அந்தக் கோலத்தைப் படம் பிடித்து ஆபீஸ் முழுக்க அனுப்பிச் சிரிக்கிறார்களாம்.

அவள் பிள்ளைக்காக இரங்காமல் இல்லை. ஆனால் அவளுக்கு அந்தப் போன் வேறு.

வில்லியனூரைச் சுற்றி எந்த ஊரில் ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண் மௌத்தானாலும், அழுகைக்கு நடுவில் யாராவது ஒருத்தர் சுதாரித்துச் சொல்லும் முதல் வார்த்தை, வில்லியனூருக்குப் போன் போடு என்பதுதான். வில்லியனூர் என்றால் மெஹர் நிஷா. இறந்த பெண்ணின் உடலை, மய்யித்தை, குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்த அவளைவிட்டால் சுற்றுவட்டாரத்தில் கைப்பழக்கம் உள்ளவர்கள் குறைவு. அவள் வீட்டு நம்பர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கரியால் எழுதியிருக்கும், பீரோவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும், சில வீடுகளில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி தலையில் ஏறியிருக்கும். மணி அடித்தால் அவள் ரிசீவரை எடுத்து ஸலாம் சொல்லிவிட்டு, வயசு என்ன, என்ன சீக்கு, ஆள் உயரமா குட்டையா என்று மட்டும் கேட்பாள். கடைசிக் கேள்வி கபன் துணிக்காக. அப்புறம் இலந்தை இலையைப் போட்டுத் தண்ணீர் காயவையுங்கள், இதோ வருகிறேன் என்று வைத்துவிடுவாள். யாரிடமும் ஒன்றும் வாங்குவதில்லை. முடித்துவிட்டு ஒரு டீ, அதுவும் கொடுத்தால்.

செல்போன் அவளிடமும் உண்டு. ஷாரிக் வாங்கிக் கொடுத்தது. அது பெரும்பாலும் பீரோவில் புடவைக்கு அடியில் தூங்கும். அந்த நம்பர் அவளுக்கே தெரியாது என்னும்போது ஊருக்கு எப்படித் தெரியும்.

"அந்தப் புயலப்போ கரண்ட் இல்ல, டவர் இல்ல, உன் செல்லு கல்லாட்டம் கெடந்துச்சு" என்றாள் மகனிடம். "இது மட்டுந்தான் அடிச்சுது. எடுத்துப் பேசினேன், போனேன். உன் ஃபைபரு அடிக்குமா?"

இன்வர்ட்டர் இருக்கிறது, அடிக்கும் என்றான் ஷாரிக். நம்பர் மாறாது, போன் மாறாது, அதே மணி, அதே சத்தம், கம்பி மட்டும்தான் வேறு. ராஜேஷும் ஏணியிலிருந்து தலையை ஆட்டினான். கடைசியில் அவள் ஏணியை விட்டாள். ஆனால் ஒரு நம்பர் முன்னே பின்னே ஆனால் இதே ஏணியில் உங்கள் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் விட்டாள்.

நம்பர் முன்னே பின்னேதான் ஆயிற்று.

செம்புக் கம்பி அன்றைக்கே அறுந்து கீழே விழுந்தது. பழைய இரும்புக்காரனுக்கு முன்னால் ராஜேஷ் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டான். முடி மாதிரி ஒரு மெல்லிய வெள்ளை ஒயர் சுவரில் ஓட்டை வழியாக உள்ளே வந்தது. கூடத்தில், பழைய போன் இருக்கும் பலகைக்கு மேலே, பச்சைப் பச்சையாகக் கண் சிமிட்டும் ஒரு டப்பாவைத் திருகி மாட்டினார்கள். போனின் ஒயரை அந்த டப்பாவின் பின்பக்கம் செருகினார்கள். ஷாரிக்கின் அறையில் இன்டர்நெட் பறந்தது, அவன் வெளியே வந்து அம்மாவின் தோளைப் பிடித்து ஆட்டினான். மணி அடித்துப் பார்க்கலாம் என்று ராஜேஷ் அந்தப் பழைய நம்பரைத் தன் செல்லில் போட்டான். அடிக்கவில்லை. மறுபடி போட்டான். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது.

டப்பாவுக்குள் வேறு ஒரு நம்பரைப் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

மாற்றிவிடலாம் பாயம்மா, சிஸ்டத்தில் ஏற்றும்போது எவனோ தப்பாக அழுத்திவிட்டான், நாளைக்குள் சரியாகிவிடும் என்றான் ராஜேஷ். நாளை போயிற்று, மறுநாளும் போயிற்று. மெஹர் நிஷா கம்பெனியின் புகார் எண்ணுக்குப் பேசினாள். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினாள். பழுதுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது, அழுத்தினாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று அந்தக் குரல் சொன்னபோது, எனக்கும்தான் முக்கியம், அதனால்தான்டி கூப்பிடுகிறேன் என்று அவள் பதில் சொன்னதைக் கேட்டுக் கணவர் ஷேக் மைதீன் வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் லைனை வெட்டினார்கள்.

ஷேக் மைதீனுக்குக் கடைத்தெருவில் கயிறும் மண்வெட்டியும் விற்கும் கடை. கடையைப் பூட்டிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு டெலிபோன் ஆபீசுக்கே போனாள். அங்கிருந்த அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, பழைய நம்பர் வேறு ஒருவர் பெயரில் இருக்கிறது, அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் திருப்பிக் கொடுக்க முடியும் என்றார். அது ஷேக் மைதீனின் அத்தா பெயர். அத்தா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அதை ஷேக் மைதீன் பணிவாக எடுத்துச் சொன்னார். அப்படியா, இருந்தாலும் ரூல் என்னவென்றால் சந்தாதாரர் நேரில் வரவேண்டும் என்று அதிகாரி மறுபடியும் தொடங்கினார்.

"கபர்ஸ்தான் இங்கதான் சார் பக்கத்துல" என்றாள் மெஹர் நிஷா. "நீங்க மொதல்ல போய்க் கூப்பிடுங்க. வரலேன்னா நான் வந்து கூப்பிடறேன்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்த சிரிப்பில்தான் அந்த வேலை நகர்ந்தது என்று ஷேக் மைதீன் பிற்பாடு எல்லோரிடமும் சொல்வார். நகர்ந்ததே தவிர உடனே முடியவில்லை. இறப்புச் சான்றிதழ் கொண்டுவா என்றார்கள், கொண்டுபோனார்கள். நகல் போதாது, அசல் வேண்டும் என்றார்கள். அசலைக் கொண்டுபோன நாளில் அந்த அதிகாரி லீவு. பாகூரில் யாருக்கோ கல்யாணமாம்.

அந்த நாட்களில் அவள் நிலைகொள்ளாமல் இருந்தாள். போன் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் வீடு இல்லை அது. ஆனால் அடிக்காது என்று தெரிந்த போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவது மாதிரி இருந்தது. பள்ளிவாசல் மோதினாரிடம் சொல்லிவைத்தாள். கூடப்பாக்கத்திலிருந்து ஒருத்தர் பைக்கில் வந்து, போனை எடுக்க மாட்டியாம்மா, வாசல் வரைக்கும் வந்துதான் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று மூச்சு வாங்கத் திட்டிவிட்டுக் கூட்டிப்போனார். அவர் திட்டியது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. தாய் இறந்த வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை அலையவிடுவதா.

எல்லாவற்றையும்விட அவளை அரித்தது ஹப்சாவின் நினைப்பு.

ஹப்சாவும் அவளும் சுல்தான்பேட்டையில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். இந்த வேலையை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கற்றுக்கொண்டார்கள். மய்யித்தைக் குளிப்பாட்ட ஒருத்தி போதாது. ஒருத்தி கழுவ வேண்டும், ஒருத்தி தண்ணீர் ஊற்ற வேண்டும். இவள் கழுவுவாள், அவள் ஊற்றுவாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மெல்ல விட வேண்டும் என்று சொல்ல வேண்டியதே இல்லை. இப்போது ஹப்சாவுக்கு இதயத்தில் கோளாறு, காலெல்லாம் வீங்கிப்போய்த் திருக்கனூரில் மகள் ஜுலைகா வீட்டில் கட்டிலோடு கிடக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் லேண்ட்லைனில் கூப்பிடுவாள். செய்தி ஒன்றும் இருக்காது. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்பதோடு சரி. போன் அடிக்காத வெள்ளிக்கிழமை, திருக்கனூர் மார்க்கெட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்த ஒருவரிடம், மெஹர் எனக்கு முந்திக்கொண்டாளா என்று விசாரித்து வரச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஒருவழியாக நம்பர் திரும்பி வந்தது. ராஜேஷ் காலையிலேயே வந்து டப்பாவைப் பிரித்து ஏதோ செய்தான், செல்லில் போட்டான், பழைய போன் பழைய குரலில் அடித்தது. மெஹர் நிஷா அவனுக்குப் பிரியாணியே போட்டிருப்பாள், வீட்டில் இருந்தது உப்புமாதான். போகும்போது ராஜேஷ் ஷாரிக்கின் அறைக் கதவைத் தள்ளி, பாஸ், டப்பாவை எப்போதும் ஆன்லயே வைத்திருங்கள் என்றான். ஷாரிக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரோ ஒரு வெள்ளைக்காரனுக்குக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தான். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்த மெஹர் நிஷாவுக்கு அந்த விரல் மட்டும்தான் தெரிந்தது.

மாலையில் மணி அடித்தது.

"யாரு?"

"நான்தான். இன்னும் போவல."

"போவாத. இப்பதான்டி லைனே வந்துகீது."

எதிர்ப்பக்கம் இளைப்பும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரிப்பு அடங்கின பிறகு ஹப்சா குரலைத் தாழ்த்தினாள்.

"மெஹரு, வெளையாட்டுக்குச் சொல்லல. என்னைக் கழுவறவ நீதான். வேற எவளாவது எம்மேல கை வெச்சா எழுந்து ஒக்காந்துடுவேன், சொல்லிட்டேன்."

"மணி அடிச்சா வந்துடறேன். வேற என்னா வேலை எனக்கு."

"ஜுலைகாவுக்கு நம்பரு சொல்லி வெச்சிருக்கேன். பாக்காம சொல்லுவா."

அதன் பிறகு மெஹர் நிஷா நிம்மதியாக இருந்தாள். இருந்தாள் என்றால், காலையிலும் மாலையிலும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, கூ என்று சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இருந்தாள். சத்தம் வந்தது. மகனிடம்கூட, பரவாயில்லைடா, உன் ஃபைபர் மோசமில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

ஷேக் மைதீன் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒருமுறை சித்திரை மாதத்து இடியில் டிவி பொசுங்கியதிலிருந்து போட்ட சட்டம் அது. ப்ளக் இருக்கும் எந்தப் பொருளும் ஆள் இல்லாதபோது ஓடக் கூடாது. மிக்ஸியானாலும் மோட்டாரானாலும் வேலை முடிந்ததும் சுவிட்சை அமர்த்திவிட வேண்டும். மருமகளாக வந்த வீட்டில் எத்தனையோ சட்டங்களை மெஹர் நிஷா காற்றில் விட்டிருக்கிறாள், இதை மட்டும் விடவில்லை. வெளியே கிளம்பும்போது அவள் கை தானாகச் சுவர் சுவராகப் போகும்.

இன்டர்நெட் டப்பாவும் ப்ளக் உள்ள பொருள்தான். ஷாரிக் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் அதை அவள் தொடுவதில்லை. பாதி ராத்திரி வரைக்கும் அவன் வேலை ஓடும், அப்படியே கிடக்கும். அவன் புதுச்சேரி ஆபீசுக்குப் போகும் நாட்களில் மட்டும், அவன் பைக் தெருமுனை திரும்பியதும், பாவம் எதற்கு இது வெறுமனே கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது என்று சுவிட்சை அமர்த்துவாள். பச்சைக் கண்கள் ஒவ்வொன்றாக மூடும். சாயங்காலம் அவன் வருவதற்கு முன்னால் மறுபடி போட்டுவைப்பாள், வந்ததும் அவன் காத்திருக்கக் கூடாதே என்று. போனுக்கு எப்போதாவது ப்ளக் இருந்ததா? இல்லை. அத்தா காலத்திலிருந்து அது சுவரிலிருந்து வரும் கம்பியில் தானாக உயிரோடு இருந்த பொருள். கரண்ட் போனாலும் அதற்கு உயிர் போனதில்லை. டப்பா ஷாரிக்குடையது, போன் அவளுடையது. ஒன்றின் ஒயர் இன்னொன்றுக்குள் போவதைப் பார்த்திருந்தும் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் ஷாரிக் ஆபீசுக்குப் போயிருந்தான். மெஹர் நிஷா அடுப்படியில் சுரைக்காயைச் சீவிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கொரகொரத்தது. பாங்கு சொல்லும் நேரம் இல்லையே, யாருக்கோ என்று கத்தியை நிறுத்தினாள். சுல்தான்பேட்டையில் பிறந்து திருக்கனூரில் வசிக்கும் ஹப்சா பீவி வஃபாத்தாகிவிட்டார்கள் என்றும், நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு திருக்கனூரில் நல்லடக்கம் என்றும் மோதினார் இரண்டு முறை சொன்னார்.

அவள் முதலில் அழவில்லை. முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான். ஊருக்கெல்லாம் மைக்கில் சொல்கிறார்கள், எனக்கு ஒரு போன் இல்லையா என்று கூடத்துக்கு வந்தாள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். கூ என்ற சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை. காலையில் பார்த்தேனே, காலையில் இருந்ததே என்று கொக்கியைத் தட்டினாள். கம்பெனிக்காரனை ஒரு வார்த்தை சொன்னாள், ராஜேஷை ஒரு வார்த்தை சொன்னாள், ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். ஒயர் டப்பாவுக்குள் போயிற்று. டப்பாவில் ஒரு விளக்கும் இல்லை. டப்பாவின் ஒயர் ப்ளக்குக்குப் போயிற்று.

சுவிட்சைப் போட்டாள். ஒரு பச்சை வந்தது. இரண்டாவது வந்து அணைந்தது. மறுபடி வந்தது. காத்திருந்தாள். டப்பா தன் நேரத்தை எடுத்துக்கொண்டது. பிறகு அவள் கையில் இருந்த ரிசீவரில், யாரும் எதுவும் செய்யாமல், கூ என்று சத்தம் வந்தது.

அதே போனில் ஷாரிக்கைக் கூப்பிட்டாள்.

"இந்த டப்பாவ நிறுத்தினா போன் நின்னு பூடுமாடா?"

"நிறுத்தினியா? ஏம்மா நிறுத்தற? அது எப்பவும் ஆன்ல—"

"யாரு சொன்னாங்க எனக்கு? நீ சொன்னியா?"

"சொல்லலியா? ராஜேஷ் சொல்லியிருப்பான்னு—"

"ராஜேஷ் உன்னாண்ட சொன்னான். நீ வெரலக் காட்டின."

அவளுக்கு அதற்கு மேல் பேச நேரமில்லை. வைத்துவிட்டாள். கடையிலிருந்து ஓடிவந்த ஷேக் மைதீன் ஆட்டோ பிடித்துவந்தார். கூடவே ஏறிக்கொண்டு, வழியில் மெல்லச் சொன்னார், கேட்டால் லைன் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடு மெஹரு, கம்பெனிக்காரன் மேல் போட்டுவிடு, அவன் செய்த அநியாயத்துக்கு இதையும் சுமக்கட்டும். அவள் ஆட்டோக்காரரை வேகமாக ஓட்டச் சொன்னாள். பத்துக்கண்ணு ஊரைத் தாண்டிக் கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டர் ரோட்டையே அடைத்துக்கொண்டு முன்னால் ஆடி ஆடிப் போயிற்று. ஆட்டோக்காரர் ஹாரனைக் கையிலிருந்து எடுக்கவில்லை. டிராக்டர்காரன் காதில் பாட்டு ஓடியது போலும். எங்கோ ஒரு பள்ளிவாசலில் லுஹர் பாங்கு தொடங்கி முடிந்தது. மெஹர் நிஷா வெறும் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். இந்தக் கை இன்றைக்குச் செய்ய வேண்டியிருந்த ஒரே வேலை, சுவிட்சைத் தொடாமல் இருப்பதுதான் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

போய் இறங்கும்போது ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஷேக் மைதீன் செருப்பைக் கையில் எடுக்காத குறையாக ஆண்கள் போன திசையில் ஓடினார். அவள் உள்ளே போனாள். கொல்லைப்புறத்தில் ஓலைத் தடுப்பு இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தது. பலகை ஈரமாக இருந்தது. இலந்தை இலைகள் மண்ணில் ஒட்டிக்கிடந்தன. தண்ணீர் ஓடிய தடத்தை அவள் கண் தானாகப் பார்த்தது, தலைப்பக்கம் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தது.

கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜுலைகா சுவரோரமாக இருந்தாள். அவள் ரவிக்கைக் கை இரண்டும் முழங்கைக்கு மேலே சுருட்டியபடியே இருந்தன, இறக்கிவிட மறந்திருந்தாள். மெஹர் நிஷா அவளை அணைத்துக்கொண்டாள். அவள் மேலிருந்து கற்பூர வாசனை வந்தது. அழுது முடிந்த குரலில் ஜுலைகா சொன்னாள். காலையில் டீ கேட்டார்களாம், கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டதாம். உடனே போன் போட்டாளாம். தொடர்புகொள்ள முடியவில்லை என்று தமிழில் ஒருத்தி சொன்னாளாம், அப்புறம் இங்கிலீஷில் சொன்னாளாம். போட்டுக்கொண்டே இருந்தாளாம். நேரம் போகிறது, லுஹருக்குள் எடுக்க வேண்டும் என்று அவள் வீட்டுக்காரர் அவசரப்படுத்தினாராம். மசூதி மூலமாகச் சொல்லி அனுப்பலாம் என்று யாருக்கோ தோன்றியபோது தண்ணீர் காய்ந்துவிட்டதாம். வேறு வழி தெரியாமல் அவளும் பக்கத்து வீட்டு அக்காவும்தான் செய்தார்களாம். செல்லில் ஒரு வீடியோவைப் போட்டு, செல்லைச் செம்பின் மேல் சாய்த்துவைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தார்களாம். நடுவில் விளம்பரம் வந்து நின்றுவிட்டதாம். அம்மாவை அப்படியே வைத்துக்கொண்டு விளம்பரம் முடியும்வரை காத்திருந்தார்களாம்.

"வலது பக்கந்தான மாமி மொதல்ல?"

"வலதுதான்."

"முடிய மூணாப் பின்னி பின்னால வுட்டோம்."

"சரிதான். எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்க."

பக்கத்து வீட்டு அக்கா இரக்கப்பட்டவளாக, இப்போது எல்லா ஊரிலும் இதே கதைதான், கம்பியைப் பிடுங்குகிறேன் பள்ளம் தோண்டுகிறேன் என்று லைனைக் கெடுத்துவைக்கிறார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள் என்றாள். இரண்டு மூன்று பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி தன் வீட்டில் டெலிபோன்காரன் செய்த அநியாயத்தைச் சொல்லத் தொடங்கினாள். ஷேக் மைதீன் ஆட்டோவில் சொன்னது அவர்கள் வாயாலேயே தயாராக வந்து நின்றது. சும்மா இருந்தாலே போதும்.

"லைனு கெடல" என்றாள் மெஹர் நிஷா. "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் சுவிட்ச அமத்திட்டு ஒக்காந்திருந்தேன்."

பக்கத்து வீட்டு அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஜுலைகா மெல்ல விலகி, மீந்துபோன வெள்ளைத் துணியை எடுத்து மடியில் வைத்து மடித்தாள். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, அவசரமில்லாமல் மடித்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் மெஹர் நிஷாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். தெரியாத ஊரில் வழி கேட்பவள் மாதிரிதான் கேட்டாள்.

"அப்போ இனிமே எங்கள்ல யாருக்காச்சும் ஒண்ணுன்னா, எந்த நம்பருக்கு மாமி போடறது?"